வெகுளி: கோபமா, கள்ளமின்மையா?

பினாங்கு, பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் கட்டுரையில் ‘என் பாட்டி வெகுளி நிறைந்தவர்’ என்று எழுத, ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டு, ‘வெகுளி என்றால் சினம்’ என்று குறித்திருக்கிறார். பாட்டியோ சூதுவாது தெரியாதவர். யார் சொல்வது சரி? ‘சிறுபிள்ளைத்தனம்’ என்று மாற்றிவிடலாமா?

சகோதரி, ஆசிரியர் சொன்னது சரி. உங்கள் மகள் நினைத்ததும் சரிதான். அந்த வாக்கியம்தான் காலை வாரிவிட்டது.

பழந்தமிழில் வெகுளி என்றால் சினமே. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அதுவும் ஒன்று. திருக்குறளின் 31ஆம் அதிகாரத்துக்கு வெகுளாமை என்றே பெயர். 35ஆம் குறள் அழுக்காறு, அவா, இன்னாச்சொல் ஆகியவற்றோடு வெகுளியையும் சேர்த்து விலக்கச் சொல்கிறது. செத்துப்போன பொருள் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். ‘மக்கள் வெகுண்டெழுந்தனர்’ என்று இன்றும் நாளிதழில் படிக்கிறோமே, அதுவும் இதே வேர்தான்.

பேச்சில் இந்தச் சொல் வேறு பக்கம் போய்விட்டது. சௌராஸ்தா சந்தையில் கடைக்காரர் கேட்ட பத்து வெள்ளியை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையையும் எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொள்கிறவரை, ‘பாவம், வெகுளி’ என்கிறோம். அந்தப் ‘பாவ’த்தைக் கவனியுங்கள். பாராட்டோடு பரிதாபமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மலாயில் சூது தெரியாத அப்பாவியை ‘லுருஸ் பெண்டுல்’ என்பார்களே, அதற்குப் பக்கத்தில் வரும். என் காதுக்கு அதில் ஏளனம் கூடுதல், வெகுளியில் பாசம் கூடுதல்.

பிரித்தறிவது எளிது. ஆளைச் சுட்டினால் கள்ளமற்றவர். உள்ளத்தில் எழும் உணர்ச்சியைச் சுட்டினால் சினம். ‘பாட்டி ஒரு வெகுளி’ என்றால் ஆள். ‘வெகுளி நிறைந்தவர்’ என்றதும், ‘அன்பு நிறைந்தவர்’ போல அது உணர்ச்சியாகிவிடுகிறது. பாட்டி கோபக்காரர் ஆகிவிட்டார்!

சிறுபிள்ளைத்தனம் வேண்டவே வேண்டாம். அது பொறுப்பில்லாமல், யோசிக்காமல் செய்வதைக் கண்டிக்கும் சொல். ‘சிறுபிள்ளை இட்ட வேளாண்மை வீடு வந்து சேராது’ என்று பெரியவர்கள் திட்டும் தொனி அதில் இருக்கிறது. குழந்தை உள்ளம் என்பது நல்ல சொல். ஆனால் பாட்டி ஏமாந்துபோகிற பக்கம் அதில் தெரியாது.

‘என் பாட்டி வெகுளியானவர்’ என்று திருத்தினால் போதும். வட்டமே விழக்கூடாது என்றால் ‘வெள்ளந்தியானவர்’ என்று எழுதச் சொல்லுங்கள். அந்தச் சொல்லில் சினத்துக்கு இடமே கிடையாது.