வயர் போன சின்ன மைக்கை எறியாதீர்கள்

"சட்டையில் குத்தும் லாவலியர் மைக் கரகரக்கிறது. இரண்டு கிழமையில் படப்பிடிப்பு. திருத்தி நம்பிப் போகலாமா, புதிசு வாங்குவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பதில் எழுதினவர் "எறிஞ்சிட்டுப் புதிசு வாங்குங்கோ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

உங்களிடம் இருப்பது ஒரே ஒரு மைக், கையில் பெரிதாகக் காசும் இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 2022 இல் இலங்கையில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தொட்ட பிறகு இங்கே படம் எடுக்கிற முக்கால்வாசிப் பேரின் நிலைமை அதுதான்.

நான் வன்னியில்தான் ஒலிப்பதிவு செய்கிறேன். அப்பா புதுக்குடியிருப்பில் றேடியோ திருத்தினவர். யுத்தகாலத்துப் பொருளாதாரத் தடை நாட்களில் கரண்டும் இல்லை, பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். சிரட்டைக் கரியில் சூடாக்கின இரும்பால்தான் அப்பா ஈயம் பற்ற வைப்பார். "வயர் எங்கை மடியுதோ அங்கைதான் சாகும்" என்பார். சின்ன மைக்குக்கும் இது அப்படியே பொருந்துகிறது. தலை பழுதாவதை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். பிளக்கின் கழுத்தில் வயர் மடிகிற இடத்தில் உள்ளே இழை அறுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு வைகாசியில், முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து ஆடுகிற ஒரு மூத்த அண்ணாவியாரை, அதாவது கூத்துப் பழக்குகிற ஆசானைப் பற்றிய ஆவணப்படத்துக்குப் போனேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் நெருங்கின நேரம். சோளகக் காற்று அடிக்கிறது, பனை வடலிக்குள் ஓலை ஓயாமல் சலசலக்கிறது. நீட்டுத் தடியில் பிடிக்கிற பூம் மைக்கை எவ்வளவு கிட்டப் பிடித்தாலும் ஓலைதான் முன்னுக்கு நிற்கிறது. ஐயாவோ வெறும் மேலோடு, வேட்டி, தோளில் சால்வை, தலையில் தலைப்பா. மைக்கை எங்கே குத்துவது? நெஞ்சில் மருந்துப் பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். அரை மணித்தியாலத்தில் வியர்வை இறங்கிக் குரல் அடைத்துப்போனது. மூடியைக் கழற்றி, பஞ்சால் ஒற்றி, காற்றில் உலரவிட்டேன். ஹெயார் டிரையர் மட்டும் பிடித்துவிடாதீர்கள், சூடு உள்ளே இருக்கிற சவ்வைக் கெடுத்துவிடும்.

பிறகு அவருடைய தலைப்பாவின் மடிப்புக்குள், நெற்றி ஓரமாக மைக்கை ஒளித்தேன். நாடக மேடைகளில் தலைமயிருக்குள் வைப்பார்களே, அதே வழிதான். நெஞ்சில் இருந்தால் முகம் திரும்பக் குரலும் போய்விடும். நெற்றியில் இருந்தால் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறாது. குரல் கண்ணாடி மாதிரி வந்தது.

ஆனால் அவர் தாளம் போட்டுத் தலையை ஆட்டத் தொடங்கியதும் கரகரப்பு. மைக்கை வேறு டிரான்ஸ்மிற்றரில் (இடுப்பில் கொழுவுகிற, ஒலியை வயரில்லாமல் அனுப்புகிற பெட்டி) செருகிப் பார்த்தேன், அப்பவும் அதேதான். அப்போ அலைவரிசைப் பிரச்சினை இல்லை, வயர்தான். இயக்குநர் சொன்னார், "விடுங்கோ அண்ணை, பேந்து டப்பிங் செய்வம்." எழுபது தாண்டின ஒரு மனிதர் ஆடி மூச்சு வாங்கிப் பாடுகிற பாட்டை, குளிரூட்டின அறைக்குள் வாயசைவு பார்த்துத் திரும்பப் பாடச் சொல்வதா? அந்த மூச்சு அங்கே வருமா? நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஓட்டோவின் பற்றரியில் 12 வோல்ற் சோல்டரிங் அயனைக் கொழுவினேன். பிளக்கைக் கழற்றி, பழுதான துண்டை வெட்டி எறிந்தேன். இந்த வயருக்குள் தலைமயிர் போன்ற செம்பு இழைகள் நூலோடு பின்னிக் கிடக்கும், மேலே மின் கடத்தாத எனாமல் பூச்சு இருக்கும். அதைக் கத்தியால் சுரண்டினால் இழையே போய்விடும். அயன் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி அதற்குள் இழையைத் தோய்த்தால் பூச்சு தானாகக் கருகிப் போகும். பிளக்கின் மூடியையும், சூடு பட்டால் சுருங்கி வயரை இறுக்குகிற சுருங்கு குழாயையும் முதலிலேயே வயரில் கோர்த்துவிட வேண்டும். எந்த இழை எதில் ஒட்டியிருந்தது என்று வெட்ட முதல் படம் எடுத்து வையுங்கள். சென்ஹைசர் கம்பனி மைக்கும் சொனி மைக்கும் பார்வைக்கு ஒரே 3.5 மி.மீ. பிளக்தான், உள் இணைப்பு வேறு வேறு. மைக்குக்குத் தேவையான சிறு மின்னழுத்தமும் அந்த வயர் வழியாகத்தான் போகிறது, மாறி ஒட்டினால் சத்தமே வராது.

நாற்பது நிமிடம் போயிருக்கும். ஐயா பனையடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அவசரப்படாதை தம்பி, பாட்டு எங்கையும் போகாது" என்றார். பிறகு பாடினார். படத்தில் இருப்பது அந்தப் பதிவுதான். அந்த மைக்கை இன்றைக்கும் பாவிக்கிறேன்.

இதைச் சொல்லாமல் விடமுடியவில்லை: அன்று ஐயா சொன்னார், எங்களுக்கு முன் மூன்று குழுக்கள் வந்து அவரைப் பதிந்துகொண்டு போனவையாம், ஒருவரும் ஒரு பிரதி கொடுக்கவில்லையாம். அவருடைய பாட்டு அவருடைய பேரப்பிள்ளைகளிடம் இல்லை, யாரோ ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. இது கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான். ஆனாலும் பதிகிறவர்கள் இதை வாசித்தால் தயவுசெய்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் அன்றைக்கே அவருடைய மகளின் போனில் ஏற்றிவிட்டுத்தான் வந்தேன்.

"நல்ல பூம் இருந்தால் இந்தக் கரைச்சல் எதற்கு" என்று சிலர் எழுதுவார்கள். பூம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்றும் பூமை இன்னொரு தடத்தில் ஓடவிட்டுத்தான் பதிந்தேன். திருத்தினதோ புதிதோ, சின்ன மைக் ஒன்றை மட்டும் நம்பிப் போகக்கூடாது. திருத்தினதை ஒரு முழுநாள் நீங்களே சட்டைக்குள் போட்டுக்கொண்டு திரிந்து, குனிந்து நிமிர்ந்து பதிந்து கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் வயரை டிரான்ஸ்மிற்றரில் இறுக்கிச் சுற்றாதீர்கள், பாதி மைக் சாவது அதனால்தான்.

இன்றைக்கே ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, பிளக்கின் கழுத்திலிருந்து விரல் விரலாக வயரை மடித்துப் பாருங்கள். கரகரக்கிற இடத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் அப்பால், மைக் பக்கமாக வெட்டுங்கள். கரகரப்பு மைக்கின் தலையடியில் வந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். அதற்குத்தான் புதிசு வாங்க வேண்டும்.