கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட என் அனுபவத்தை, விசுவாசிகள் அல்லாத வீட்டாரிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் அண்மையில் ஞானஸ்நானம் பெற்றவர் என்றும், வீட்டில் அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது என்றும் எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் பழனி மலையில், பூம்பாறைப் பக்கத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன். குழந்தை வேலப்பர் தேர் ஓடும் நாளில் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர்ந்துவிடும் வீடு எங்களுடையது. அந்த வீட்டில் நான் ஒருவன் மட்டும் கிறிஸ்தவன்.

இதை மதமாற்றப் பிரசாரம் என்று சொல்லச் சிலர் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு, தன் மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமை மற்றொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு நேர்ந்ததைக் கேட்டவருக்குச் சொல்கிறேன். அதற்கு மேல் நான் எவரையும் கைப்பிடித்து இழுத்ததில்லை.

என் தந்தையும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது ஓர் எல்லைக் கல்லைப் பற்றி எழுந்த தகராறு, அந்த நிலம் என் பங்குக்கு வந்தபோது வழக்கோடு சேர்ந்தே வந்தது. ஒரே தெருவில் இருந்துகொண்டு சித்தப்பா வீட்டு நல்லது கெட்டதற்குப் போகாமல் ஆண்டுகள் கழிந்தன. மதுரையில் ஒரு மருத்துவமனையில் என் மனைவிக்குத் துணையிருந்தபோது, பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் புதிய ஏற்பாடு இருந்தது. தூக்கம் வராத இரவுகளில் அதை நானே கேட்டு வாங்கிப் படித்தேன். காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. ஊர் திரும்பிய பிறகும் அது என்னை விடவில்லை. சித்தப்பாவின் மேல் இருந்த பகை ஒரு நாள் என்னிடத்தில் இல்லாமற் போயிருந்தது. அதை எடுத்தவர் கிறிஸ்து என்று நான் முழு மனத்தோடு நம்புகிறேன்.

வழக்கை வாபஸ் பெற்றுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்புப் புகை படும்படி பூண்டுக் கட்டுகளை மேலே தொங்கவிட்டுக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்த்து, "எதுக்குடா வந்த?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் என் சாட்சியை, அதாவது கிறிஸ்து என்னை மாற்றிய அனுபவத்தை, முதன்முதலில் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கேட்டது, "எவ்வளவு குடுத்தாங்க?" என்பதுதான். இந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்பது கேட்கப்பட்டவர்களுக்கே தெரியும். உங்களிடமும் கேட்பார்கள், கோபப்படாதீர்கள். நிலம் விட்டது, வக்கீலுக்குக் கொடுத்தது ஆகிய இரண்டையும் சொல்லி, வாங்கியது ஒன்றுமில்லை என்றேன். அவர் விடவில்லை. கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் கட்டியவர், வெளிநாட்டில் பிறந்து இந்து சமயத்தைத் தழுவிய ஓர் அம்மையார் அல்லவா; "வெள்ளைக்காரம்மாவே முருகனைத் தேடி வந்தாங்க, நீ எங்கடா போற?" என்றார். அந்த அம்மையார் தம் மனத்துக்கு உண்மையாக நடந்துகொண்டார் என்று நீங்கள் நம்புவதுபோல என்னையும் நம்புங்கள் சித்தப்பா என்றேன். அதற்கு அவர் மறுமொழி சொல்லவில்லை. சித்தியைக் கூப்பிட்டுத் தேநீர் போடச் சொன்னார். இன்றும் அவர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துதான் போகிறார். போய்வரும் வரை அவருடைய மாடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

யூதராகப் பிறந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பவுல், எருசலேமில் தம்மை அடித்த யூதக் கூட்டத்தின் முன் நின்று பேசியதைப் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் 22ஆம் அதிகாரத்தில் படித்துப் பாருங்கள். அவர்களுடைய மொழியிலேயே, "சகோதரரே, பிதாக்களே" என்று தொடங்கி, தாம் கமாலியேல் என்னும் யூத போதகரிடம் கற்றதையும், அவர்களைப் போலவே தாமும் தேவனைக்குறித்து வைராக்கியமாய் இருந்ததையும் மரியாதையோடு சொல்கிறார். வளர்த்த வீட்டை அவர் இழிவுபடுத்தவில்லை. அப்படியும் ஒரு கட்டத்துக்கு மேல் கூட்டம் அவரைப் பேச விடவில்லை. ஆகவே உங்கள் பேச்சு எடுபடாவிட்டால் குறை உங்களுடையது என்று எண்ண வேண்டாம்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான் பேச அழைக்கப்பட்ட ஒரு கூட்டத்தில், முன்பு நான் குடிகாரனாகவும் பில்லிசூனியம் செய்பவனாகவும் இருந்ததாகச் சேர்த்துக்கொள்ளும்படி ஏற்பாட்டாளர் ஒருவர் கேட்டுக்கொண்டார். அப்போதுதான் கேட்பவர்கள் உருகுவார்களாம். என் தாயார் விடியற்காலையில் குளித்து விளக்கேற்றி, பசித்து வந்தவருக்குச் சோறிட்டு எங்களை வளர்த்தவர். அந்த வீட்டை இருட்டு என்று மேடையில் சொல்ல நான் மறுத்துவிட்டேன். அதன்பிறகு அவர்கள் என்னை அழைக்கவில்லை. எல்லாச் சபைகளையும் நான் சொல்லவில்லை, நல்ல போதகர்களிடமே நான் கற்றேன். ஆனால் கூட்டிச் சொல்லும் சாட்சியை முதலில் கண்டுபிடிப்பவர்கள் நம்மோடு வளர்ந்த, விசுவாசிகள் அல்லாத உறவினர்களே. அதன்பின் நாம் சொல்லும் உண்மையையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

உங்கள் தாய் தந்தையரிடம் சொல்லும்போது இன்னொன்று இருக்கிறது. அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நான் பேசி முடித்ததும் அம்மா இயேசுவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எனக்குக் கொள்ளி யார் வைப்பா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவனும் தாய்க்கு இளையவனும் வைப்பது வழக்கம், இளையவன் நான். நான் சொன்ன அத்தனையிலும் அவர் காதில் விழுந்தது, தன் கடைசி நாளில் தான் அநாதையாகிவிடுவோமோ என்ற ஒன்றுதான். இந்தக் கேள்வி வரும் என்று அண்ணனிடம் முன்பே பேசி, அவர் சம்மதத்தைப் பெற்றிருந்தேன். சடங்கை அண்ணன் செய்வார், பாடையை நான் சுமப்பேன், செலவு என்னுடையது, எல்லா நாளும் வீட்டில் இருப்பேன் என்று சொன்னேன். அம்மா அழுதார், ஆனால் அன்று இரவு எனக்குச் சோறு போட்டார்.

பாடையைச் சுமப்பது, சாவு வீட்டில் இருப்பது ஆகியவற்றை உங்கள் சபையில் சிலர் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். அதை உங்கள் போதகரிடம் முன்கூட்டியே பேசித் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவர்களிடமும் பேசி முடித்த பிறகு அம்மாவிடம் போங்கள்.