மர லூர் செய்வோர் கேட்டவை: மலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நீலகிரியிலும் பழனி மலையிலும் வீட்டுப் பட்டறையில் மரத்தால் தூண்டில் லூர் (மீனை ஏமாற்றி இழுக்கும் மீன் வடிவச் செயற்கை இரை) செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அவற்றில் சில ஈரத்தையும் குளிரையும் பற்றியவை. சமவெளியில் எழுதப்பட்ட செய்முறை நம் ஊரில் அப்படியே பலிக்காததற்கு அவை இரண்டும்தான் காரணம். அதனால் அந்தப் பதில்கள் கொஞ்சம் நீளும்.

கோத்தகிரி: அண்ணா, டீ எஸ்டேட்டில் சில்வர் ஓக் துண்டுகள் நிறையக் கிடைக்கின்றன. லூருக்குச் சொல்லும் இலேசான பால்சா மரம் இங்கே கிடைப்பதில்லை. சில்வர் ஓக்கிலேயே லூர் செய்யலாமா?

மிதக்கும் லூருக்கு வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மி.மீ. நீளம், 12 மி.மீ. உயரம், 10 மி.மீ. தடிமன் உள்ள மீன் வடிவத்தின் கன அளவு ஏறக்குறைய 4 மில்லி. அப்படியென்றால் தண்ணீர் அதை 4 கிராம் வரைதான் தாங்கும். முள், வளையம், கம்பி, லிப் (லூரை நீரில் ஆட்டும் முன்பக்கத் தகடு), பெயிண்ட், எபாக்ஸி (பிசினும் கடினமாக்கியும் கலந்தால் இறுகும் பூச்சு) எல்லாம் சேர்ந்து 1.8 கிராம் என்று வையுங்கள். மில்லிக்கு 0.3 கிராம் எடையுள்ள மரம் என்றால் உடல் 1.2 கிராம். மொத்தம் 3 கிராம்தான், ஈயத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது. சில்வர் ஓக் மில்லிக்கு 0.55 கிராம் அளவில் இருக்கும். உடலே 2.2 கிராம் ஆகிவிடும், ஒரு பொட்டு ஈயம் வைக்கும் முன்பே 4 கிராம் நிரம்பிவிடும். வயிற்றில் ஈயம் இல்லாத லூர் நிமிர்ந்து நிற்காது.

நமக்குக் கிடைப்பதில் மிக இலேசானது முள்முருங்கை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் மிளகுக் கொடி ஏற்ற நட்டிருப்பார்களே, அதுதான். கவாத்து செய்த கிளையிலேயே பத்து லூருக்கு மரம் வரும். வெட்டிய அன்றே பட்டை நீக்கிப் பிளந்து காயப் போடாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். இலவமும் மலைவேம்பும் அதைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் செதுக்க நன்றாக நிற்கும். முதல் லூருக்கு என் பரிந்துரை மலைவேம்பு. இழை நேராக ஓடும், கத்திக்கு அடங்கும், தச்சுப் பட்டறைகளில் துண்டு கிடைக்கும்.

சில்வர் ஓக்கை வீச வேண்டாம், மூழ்கும் லூருக்கு அது நல்ல மரம். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும். முழுக்கைச் சட்டையும் முகமூடியும் போட்டுத் தேயுங்கள். இன்னொன்று: மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். லூருக்காக எந்த மரத்தையும் சாய்க்கத் தேவையில்லை, கழிவுத் துண்டே போதும்.

ஊட்டி: மரம் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈரம் பார்க்கும் கருவி இல்லை.

0.1 கிராம் காட்டும் சிறிய தராசு போதும். துண்டை 15 மி.மீ. தடிமனுக்கு அறுத்து, எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். தொடர்ந்து மூன்று முறை எடை மாறவில்லை என்றால், அந்த இடத்தின் காற்றுக்கு ஏற்ப மரம் காய்ந்துவிட்டது. மழைக்காலத்து ஊட்டியில் அதுவும் போதாது. காற்றிலேயே ஈரம் இருப்பதால் மரம் அதற்கு மேல் காயாது. தகரப் பெட்டி ஒன்றில் 40 வாட் குண்டு பல்பைப் பொருத்தி, மேலும் கீழும் காற்றோட்டத்துக்குத் துளையிட்டு, உள்ளே 35 முதல் 40 டிகிரிக்குள் வைத்து ஒரு வாரம் உலர்த்துங்கள். எல்.இ.டி. பல்பு போதிய சூடு தராது. ஈர மரத்தை அவசரமாக 60, 70 டிகிரிக்குக் கொண்டுபோனால் முனைகளில் வெடிப்பு விழும். முனைகளில் மெழுகு தடவி வைத்தால் அது குறையும்.

காய்ந்த மரத்தைச் செதுக்கியதும் அன்றே சீலர் (மரத்துக்குள் ஈரம் புகாமல் அடைக்கும் முதல் பூச்சு) கொடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் திறந்து வைத்தால் பனியின் ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும்.

கொடைக்கானல்: சார், மேல்பூச்சு எபாக்ஸி மூன்று நாளாகியும் கையில் ஒட்டுகிறது. இன்னொரு லூரில் காய்ந்துவிட்டது, ஆனால் மேலே எண்ணெய் மாதிரி வெண்படலம். ஒரே டப்பாதான்.

இரண்டும் வேறு வேறு கோளாறு. வெண்படலம், எபாக்ஸியின் கடினமாக்கி காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்வதால் வருவது. குளிரில் எபாக்ஸி மெதுவாக இறுகுகிறது. பத்து டிகிரி குறைந்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த நேரமெல்லாம் மேல்பரப்பு மேகத்துக்குத் திறந்தே கிடக்கிறது. அந்தப் படலம் தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவி, துடைத்து, நன்றாக உலரவிட்டு, 400 எண் உப்புத்தாளால் தேய்த்து மறுபூச்சு கொடுக்கலாம். கழுவாமல் தேய்த்தால் படலம் உள்ளே அமுங்கி, அடுத்த பூச்சு உரிந்துவரும்.

கையில் ஒட்டுவது கலவைக் குறை. 70 மி.மீ. லூர் ஒன்றுக்கு மொத்தமே 2 மில்லிதான் வேண்டும். அதைக் கண்ணால் அளந்து கலக்க முடியாது. ஒவ்வொரு டப்பாவுக்கும் தனித்தனி மருந்து ஊசிக்குழாய் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் பிசின் கெட்டியாகிக் குழாயின் அடியிலும் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும், அளவு அங்கேயே பிசகும். இரண்டு டப்பாவையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நிறுத்தி, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு அளவெடுங்கள். இரண்டு நிமிடம் கலக்கி, வேறொரு கிண்ணத்துக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம் கலக்குங்கள். முதல் கிண்ணத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் கலக்காத பிசின்தான் லூரில் ஆங்காங்கே பிசுபிசுப்பாக நிற்பது. ஒட்டும் பூச்சு தானாக இறுகாது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

கடினமாக்கி அதிகம் போட்டால் சீக்கிரம் இறுகும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், வேகம் வேண்டுமென்றால் சூடுதான் வழி. மேலே சொன்ன பல்புப் பெட்டியை 25 முதல் 30 டிகிரியில் வைத்து அதற்குள் உலர்த்துங்கள். ஆனால் தின்னர் கலந்த பூச்சு காயாத லூரை ஒருபோதும் அந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், ஆவி தீப்பிடிக்கும்.

அரால்டைட் போன்ற ஒட்டும் எபாக்ஸி லிப்பையும் கம்பியையும் ஒட்டுவதற்கு. மேல்பூச்சுக்குப் போட்டால் தடித்து மஞ்சளாக நிற்கும். கைவினைக் கடைகளில் விற்கும் தெளிவான ரெசினே அதற்கு ஏற்றது.

கொடைக்கானல்: எபாக்ஸியில் குமிழி வருகிறது. தீக்குச்சி காட்டியும் போகவில்லை.

மரத்துக்குள் இருக்கும் காற்று அது. குளிர்ந்த லூரில் எபாக்ஸி தடவிச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், நீங்கள் உடைக்க உடைக்கப் புதிது வரும். வரிசையை மாற்றுங்கள். லூரை முதலில் சூடாக்கி, வெளியே எடுத்து, ஆறிக்கொண்டிருக்கும்போது தடவுங்கள். அப்போது மரம் எபாக்ஸியை உள்ளே இழுக்கும். எபாக்ஸி கெட்டிப்பட ஆரம்பித்த பிறகு பெட்டிக்குள் வைக்கலாம். சீலர் இரண்டு முறை சரியாகக் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை வராது.

குன்னூர்: லூர் சில சமயம் பக்கவாட்டில் ஓடுகிறது, வேகமாக இழுத்தால் சுற்றுகிறது. எதைத் திருத்துவது?

முதலில் வாளித் தண்ணீரில் பாருங்கள். எல்லா முள்ளும் மாட்டிய லூரை விரலால் மல்லாக்கத் திருப்பி விடுங்கள். உடனே நிமிர வேண்டும். தயங்கினால் ஈயம் மேலே ஏறி இருக்கிறது. வயிற்றின் அடிவிளிம்புக்கு இறக்குங்கள். முன் வயிற்று முள்ளுக்குச் சற்று முன்னால் அதன் இடம். வாலுக்குத் தள்ளினால் வீச்சு தூரம் போகும், ஆட்டம் செத்துவிடும்.

மெதுவாக இழுத்தாலே ஒரு பக்கம் ஓடுகிறது என்றால், மூக்கு வளையத்தை எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும். லூரின் பின்னாலிருந்து பார்க்கையில் இடப்பக்கம் போனால் வலப்பக்கம் வளையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவே போதும். வளைத்தும் தீரவில்லை என்றால் லிப் கோணலாக இருக்கிறது. அது உருண்டையாகச் செதுக்கிய பிறகு காடி (லிப்பைச் செருகும் வெட்டுப்பள்ளம்) வெட்டுவதால் வரும் பிழை. லிப் காடி, கம்பிக் காடி, ஈயத் துளை மூன்றையும் கட்டை சதுரமாக இருக்கும்போதே வெட்டி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் கத்தி. காடி வெட்ட இரும்பறுக்கும் பிளேடே நல்லது. அது விடும் தடம் ஏறக்குறைய 1 மி.மீ.

மெதுவாக நன்றாக நீந்தி வேகத்தில் மட்டும் சுற்றினால் லிப் பெரிது. இரண்டு பக்கமும் சமமாக அரை மி.மீ. அரத்தால் தேய்த்து மறுபடி பாருங்கள். 60 மி.மீ. உடலுக்கு 8 மி.மீ. அகலத்தில் தொடங்கலாம். உடலின் போக்கிலேயே சாய்த்த லிப் ஆழம் போகும், செங்குத்தாக நிறுத்தியது மேலோட்டமாக நீந்தும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

மன்னவனூர்: லிப்புக்குப் பாலிகார்பனேட் தகடு எங்கே வாங்குவது?

பழைய சி.டி. 1.2 மி.மீ. பாலிகார்பனேட்தான். வெள்ளிப் படலத்தைச் செலோடேப் ஒட்டி உரித்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் விரிசல் ஓடும், நுண்பல் வாளால் அறுத்து அரத்தில் உருவம் கொண்டுவாருங்கள். 7 செ.மீ. வரையான லூருக்குத் தாங்கும். பெரியதற்கு 2 மி.மீ. தகடு வேண்டும். அக்ரிலிக் வேண்டாம், பாறையில் பட்டால் உடையும்.

கூடலூர்: பெரிய கெண்டைக்குத் திருகு வளையம் போதுமா?

போதாது. இலேசான மரத்தில் திருகு பிடிப்பே இல்லை. மாசீர் வகைக் கெண்டைக்குத் தொண்டைப் பல்லின் நசுக்கும் வலு பெரிது. 1.2 மி.மீ. துருப்பிடிக்காத கம்பியை மூக்கிலிருந்து வால் வரை ஒரே துண்டாக ஓட்டுங்கள். வயிற்று முள்ளைத் தாங்கும் சுழலியைக் கம்பியில் கோத்த பிறகுதான் வால் வளையத்தை முறுக்க வேண்டும். இந்த வரிசை தவறினால் கம்பி முழுவதும் வீண். ட்ரவுட் மீனுக்கான லூருக்கு 0.8 மி.மீ. போதும்.

குன்னூர்: ஏர்பிரஷ் இல்லாமல் செதில் வரைய முடியுமா?

முடியும். வெள்ளை அடிப்பூச்சு காய்ந்ததும், குளிக்கும் நாரின் வலையை லூரின் மேல் இறுக்கிக் கட்டி, சிறு ஸ்பாஞ்சில் அக்ரிலிக் பெயிண்டை ஒற்றுங்கள். ஸ்பாஞ்சு ஏறக்குறைய உலர்ந்திருக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் வரையாதீர்கள், எபாக்ஸி பட்டதும் கோடு கரைந்து ஓடும்.

கோத்தகிரி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவனும் செய்ய ஆசைப்படுகிறான். எதெல்லாம் கூடாது அண்ணா?

செதுக்குவதும் தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் செய்யட்டும். ஈயம் உருக்குவது வீட்டில் யாருக்குமே வேண்டாம். வலைக்கடையில் கிடைக்கும் ஈயக் குண்டைப் பெரியவர் ஒருவர் துளையில் அழுத்தி அடைத்துத் தரலாம். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எபாக்ஸி தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை நிலைத்துவிடும், அதனால் நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடவே விடாதீர்கள்.

ஊட்டி: ட்ரவுட்டுக்கு எந்த முள்? எங்கே போட்டுப் பார்ப்பது?

1907இல் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்து வளர்த்த மீன் இது, இன்றைக்கும் எண்ணிக்கை குறைவு. மூன்றுமுள்ளுக்குப் பதில் ஒற்றை முள் மாட்டி, அதன் எதிர்ப்பல்லைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனைச் சேதமில்லாமல் திருப்பி விடலாம். முள் மாறினால் எடை குறையும், வாளிச் சோதனையை மறுபடி செய்து ஈயத்தைச் சரிக்கட்டுங்கள். மீன்வளத் துறையின் உரிமம் இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. முக்கூர்த்தி போன்ற காப்புப் பகுதிகளுக்குள் போகவே வேண்டாம். நீச்சல் பார்ப்பதற்கு மீன் இருக்கும் இடம் தேவையில்லை, தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் மூன்று மீட்டர் தங்கூஸ் கட்டி இழுத்தாலே எல்லாக் குறையும் தெரிந்துவிடும்.