பில் போட்டாச்சு, பணம் எங்கே?

(சிறுதொழில் செய்வோரின் கேள்விகளுக்கு, சென்னையில் 31 ஆண்டுகள் பட்டறை நடத்தியவரின் பதில்கள்)

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் நானும் என் கணவரும் ஆறு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறோம். ஒரு பெரிய கம்பெனிக்கு புஷ், பின் கடைந்து கொடுக்கிறோம். பர்சேஸ் ஆர்டரில் 60 நாள் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் ஐந்து மாதமாக 9 லட்சம் நிற்கிறது. போன் செய்தால் அடுத்த வாரம் என்கிறார்கள். போன மாதச் சம்பளத்துக்கு என் வளையலை அடகு வைத்தோம். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு இருக்கிறது, 2021-ல் வங்கிக்காக எடுத்தது. கறாராகக் கேட்டால் ஆர்டரே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கப்போவது சலுகை இல்லை, உங்கள் பணம். ஐந்து மாதமாக அந்தக் கம்பெனிக்கு நீங்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கடனுக்குத்தான் உங்கள் வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. பில் போட்ட பாவத்துக்கு, பணம் வராமலே அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டியையும் கையிலிருந்து கட்டியிருப்பீர்கள்.

60 நாள் என்று அவர்கள் போட்டது செல்லாது. 2006-ம் வருட குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுதி ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாள்தான் உச்சம். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. உங்களைப் போன்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு.

ஆனால் சட்டம் பேச வேண்டுமென்றால் காகிதம் வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது ஈக்காட்டுதாங்கலில் என் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். மெஷினைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட்டேன். நான்கு நாள் கழித்து டெலிவரி சலான் கட்டைப் பிரித்து, கொடி கட்டி, ஒவ்வொன்றாக கிளிப் போட்டு மின்விசிறிக்குக் கீழே காயவைத்தோம். காய்ந்த பிறகு பார்த்தால், சரக்கு உள்ளே வந்ததற்கு வாட்ச்மேன் போட்ட இன்வர்ட் சீலின் ஊதா மை காகிதம் முழுக்கப் படர்ந்திருந்தது. தேதி ஒன்றில்கூடத் தெரியவில்லை. எனக்கு வர வேண்டியிருந்த ஒரு பெரிய பாக்கிக்கு, “சரக்கு எங்களுக்கு வந்ததற்கு ஆதாரம் காட்டு” என்று வாங்கிய கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பணம் கடைசிவரை வரவில்லை. அதனால் சொல்கிறேன்: சரக்கு இறங்கும்போதே, சீலில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயே போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தத் தேதிக்கு இன்னொரு மதிப்பும் இருக்கிறது. சரக்கில் குறை என்றால், இறக்கிய 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இறக்கிய அன்றே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. பணம் கேட்டவுடன் ஐந்தாம் மாதம் ரிஜெக்‌ஷன் என்று டெபிட் நோட் (பில்லில் பணத்தைக் கழிக்கும் சீட்டு) நீட்டுவார்கள். அப்போது இதைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். பர்சேஸ் மேனேஜரிடம் சண்டை போட வேண்டாம். அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்கள். பில் எண், சரக்கு இறக்கிய தேதி, 45 நாள் முடிந்த தேதி, தொகை. கூடவே உத்யம் சான்றிதழ். “உங்கள் ஆடிட்டரின் பார்வைக்கு” என்று ஒரு வரி போதும். காரணம், 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி. கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31-க்குள் தீர்க்காவிட்டால், அதை அந்த ஆண்டுச் செலவாக அவர்கள் கழிக்க முடியாது. வரி கூடும். பில் தேதியிலிருந்து 180 நாள் தாண்டினாலோ, உங்கள் பில்லில் உள்ள ஜிஎஸ்டிக்காக அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொண்ட தொகையை (உள்ளீட்டு வரவு) வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். உங்கள் முதல் பில்லுக்கு அந்த நாள் நெருங்குகிறது. பர்சேஸ்காரர் காதில் விழாதது ஆடிட்டர் காதில் விழும். அப்புறம், இனி போடும் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள்.

அதற்கும் அசையவில்லையென்றால் குறு, சிறுதொழில் பாக்கிகளுக்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். அது மாநில அரசின் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். முதலில் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் தீர்ப்பு. சட்டத்தில் 90 நாள் என்று இருக்கிறது. நடப்பில் அதைவிட இழுக்கும், அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். ஆனால் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை அவர்கள் முதலில் கட்ட வேண்டும்.

ஆர்டர் போய்விடுமா? போகலாம், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அதனால் இந்த மாதமே இன்னொரு வாடிக்கையாளரைத் தேடத் தொடங்குங்கள். ஒரே கம்பெனியை நம்பி ஆறு குடும்பம் இருக்கக் கூடாது. அந்தக் கம்பெனியின் விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டுமென்றால் டிரெட்ஸ் தளத்தில் அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். அதையும் கேளுங்கள். அவர்கள் அங்கே உங்கள் பில்லை ஏற்றுக்கொண்டால், வங்கி உங்களுக்கு உடனே பணம் கொடுத்துவிட்டு, கெடு நாளில் அவர்களிடம் வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: பாரிமுனையில் பேப்பர் மொத்த வியாபாரம் செய்கிறேன். எனக்கும் உத்யம் இருக்கிறது. 45 நாள் சட்டம் எனக்கும் உண்டா?

பதில்: இல்லை. வாங்கி விற்பவர்களும் 2021 ஜூலையிலிருந்து உத்யம் எடுக்கலாம். ஆனால் அது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான். நீங்கள் கடனுக்கு உச்சவரம்பு வைத்து, பழையது வராமல் புதுச் சரக்கு ஏற்றாதீர்கள்.

கேள்வி: வில்லிவாக்கத்தில் மூன்று தையல் மெஷின் வைத்து பிளவுஸ் தைக்கிறேன். துணி, நூல் வாங்கத் தண்டல்தான். 10,000 என்று சொல்லி 8,500 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாய், 100 நாள். வங்கியில் சொத்து கேட்பார்களே?

பதில்: 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது அதில் பாதிதான். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் வட்டி 100 சதவீதத்தைத் தாண்டும். உங்கள் உழைப்பு அதற்குத்தான் போகிறது, எனக்கு அது பொறுக்கவில்லை.

குறு, சிறுதொழிலுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அரசின் சிறுகடன் திட்டமான முத்ராவில் 50,000 வரை சிசு பிரிவு இருக்கிறது. உத்யம் பதிவு இலவசம், ஆதார், பான் கார்டு, போன் இருந்தால் போதும். 2,000 கொடு, எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். இன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் தினம் வந்த பிளவுஸ், வாங்கிய கூலி, நூல் செலவு மூன்றையும் எழுதுங்கள். தண்டல் கட்டிய அட்டைகளையும் பத்திரமாக வையுங்கள். நாள் தவறாமல் 100 ரூபாய் கட்டியவர் என்பதற்கு அதுதான் சாட்சி. வங்கி மேனேஜரைப் பார்க்கப் போகும்போது நோட்டையும் அட்டைகளையும் எடுத்துப் போய் அவர் மேஜையில் வையுங்கள்.