வார்ஃபரினோடு இடையில் சேர்ந்த மாத்திரை

கேள்வி: 76 வயதாகும் என் தந்தை, சீரற்ற இதயத்துடிப்புக்காக இரண்டு ஆண்டுகளாக, ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் மெட்ரானிடசோல் வாங்கிக் கொடுத்தோம். நேற்று முதல் ஈறில் ரத்தம் கசிகிறது. முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருக்கிறது. கீரைதான் காரணம் என்கிறார்கள். வார்ஃபரினை அடியோடு நிறுத்திவிடலாமா? – வாசகர், குடியாத்தம்

மருத்துவர் பதில்: ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை இன்றே செய்து, அந்த அறிக்கையை மருத்துவர் பார்க்கும்வரை அடுத்த வேளை வார்ஃபரினைக் கொடுக்க வேண்டாம். அடியோடு நிறுத்துவது வேறு விஷயம்; அப்படிச் செய்தால் இதயத்தில் ரத்தம் கட்டி, அது மூளைக்குச் சென்று பக்கவாதத்தில் முடியக்கூடும்.

இவருக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும்; அதைத் தாண்டினால் ரத்தம் கசியும் அபாயம் கூடும். கல்லீரல் வார்ஃபரினைச் சிதைக்கும் வேலையை மெட்ரானிடசோல் தடுப்பதால், வழக்கமான அளவு மாத்திரையே உடலில் கூடுதலாகத் தங்கிவிடுகிறது. வயிற்றுப்போக்கில் வெறும் கஞ்சியோடு கிடந்திருந்தால், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே வரத்தும் குறைந்திருக்கும். கீரையின் மேல் பழி போடுவது தலைகீழான கணக்கு. முருங்கைக்கீரையில் மிகுந்துள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைத் தணிக்குமே தவிர, ரத்தம் கசிய வைக்காது. வாரம் இரண்டு நாள் கீரை உண்பவர் அதே அளவில் தொடரட்டும். திடீரெனக் கூட்டுவதும் விடுவதும்தான் தொல்லை.

மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்தாலோ, ரத்த வாந்தி, கடும் தலைவலி, பேச்சுக் குழறல் இருந்தாலோ பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால் அதன் மேலுள்ள சிரைகள் இழுபட்டே இருக்கின்றன, அவை அறுந்து கசியும் ரத்தம் சில வாரங்கள் கழித்துக்கூட வெளிப்படலாம்.

முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையோ ஊசியோ கேட்டு வாங்காதீர்கள். அது இரைப்பையில் புண்ணாக்கி, ரத்தக்கசிவைப் பன்மடங்காக்கும். வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும் முதியவர்களில் பலர் வார்ஃபரின் சீட்டைப் பத்திரமாக மடித்துவைத்திருப்பார்கள். கடையில் வாங்கியதைக் கேட்டால், “வெள்ளை மாத்திரை” என்பார்கள். கத்தரித்துத் தரும் அட்டைத் துண்டில் பெயர் பாதிதான் இருக்கும், அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்! உங்கள் வீட்டில் அந்தத் துண்டு இன்னும் கிடந்தால், பழைய ஐ.என்.ஆர். அறிக்கைகளோடு அதையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.