சத்தமில்லாமலா?

கேள்வி: என் மகளுக்குப் பாடசாலையில் ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சத்தமில்லாமல் சேவை செய்த பெண்மணிகள் பத்துப் பேரைப் பற்றிச் சிறுகுறிப்பு எழுத வேண்டும். ஆசிரியர் உதவுவீர்களா?
– ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: உதவுகிறேன், சகோதரி. ஆனால் முதலில் அந்தச் 'சத்தமில்லாமல்' என்பதை வெட்டிவிடச் சொல்லுங்கள். விழா மலர்களுக்கு வாழ்த்துரை எழுதுகிறவர்கள் பெண்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கும் பாராட்டு அது. ஆண்கள் என்றால் முழங்குவார்கள், பெண்கள் என்றால் சத்தமில்லாமல் தொண்டாற்றுவார்கள். நம் ஊரில் பெயர் நிலைத்த பெண்கள் யாரும் அப்படி இருந்ததில்லை.

மங்களம்மாள் மாசிலாமணி 1923இல் 'தமிழ்மகள்' என்று பெண்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். அச்சகக் கடனும் சந்தா பாக்கியும் என்னவென்று அறிந்தவன் சொல்கிறேன்: சத்தம் போடாமல் யாராலும் பத்திரிகை நடத்த முடியாது. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலை வளர்த்தெடுத்த தங்கம்மா அப்பாக்குட்டிக்குக் குரல்தான் முதல். அவர் மேடையேறினால் ஊரே திரண்டு வந்து கேட்டது. ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு அங்கே இல்லம் எழுந்ததும் அந்தக் குரலின் செல்வாக்கில்தான். 1984இல் இராணுவம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனபோது அன்னையர் முன்னணி என்று திரண்ட தாய்மார் மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரிக்கு ஊர்வலமாகப் போய் அரசாங்க அதிபரிடம் கணக்குக் கேட்டார்கள்.

ராஜினி திராணகமவை என்ன செய்யப் போகிறீர்கள்? யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். மனித உரிமைகளுக்கான ஆசிரியர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் அதன் முன்னால் நின்று கேள்வி கேட்டார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். வயது 35. சத்தமில்லாமல் இருந்திருந்தால் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளோடு இருந்திருப்பார். உங்கள் மகளின் குறிப்பில் அவர் கட்டாயம் வர வேண்டும். ஆசிரியை தயங்கினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரசியல் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபக் கடிதங்கள் வருகின்றன. இம்முறையும் வரட்டும். மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்குக் கல்லூரி கட்டிய அதே பெரியவர்தான், இலங்கையின் அரசியலமைப்பை மாற்றுவது பற்றி விசாரிக்க பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று நின்றார். கல்லூரிக்கு நன்றி சொல்வேன், மற்றதை மறைக்க மாட்டேன். அவர் எதிர்த்தும் 1931இல் வாக்குரிமை வந்தது. வந்த கையோடு யாழ்ப்பாணம் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்று புறக்கணிக்கச் சொன்ன வாலிபர் காங்கிரஸ்காரரின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதன்முதலாக வாக்குக் கிடைத்த நம் பெண்கள் அதைப் போட்டுப் பார்க்க 1934 வரை காத்திருந்தார்கள். அந்தப் புறக்கணிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியாவது சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மிஷனரிமாரைச் சேர்க்கலாமா என்று அடுத்த கடிதம் வரும். சேர்க்கலாம். உடுவிலில் ஹரியட் வின்ஸ்லோ 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளிக்கு 1840இல் வந்த எலைசா அக்னியூ ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பாமல், 1883இல் மானிப்பாயில் கண்ணை மூடினார். ஆயிரம் பெண்களுக்குத் தாய் என்பார்கள். சரி, அந்த ஆயிரம் பேரின் பெயர் எங்கே? படிப்புக்குக் காசு அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது அக்கால மிஷன் வழக்கம். அம்மா வைத்த பெயர் விடுதி வாசலோடு போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு இன்னாரின் மனைவி.

அந்த வழக்கம் மிஷனோடு முடியவில்லை. நம் வீடுகளில் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடிக்கும் 'கல்வெட்டு' என்ற நினைவுப் புத்தகத்தைப் பாருங்கள். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த ரீச்சரின் கல்வெட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் படம். பிறகு பஞ்சபுராணம், சிவபுராணம். வாழ்க்கை வரலாறு என்று இரண்டு பக்கம். அதில் கணவர் எந்த எந்தக் கந்தோரில் என்ன பதவியில் இருந்தார், எங்கெங்கு மாற்றலாகிப் போனார் என்று எல்லாம் இருக்கிறது. பிள்ளைகள், மருமக்கள், அவர்கள் குடியேறிய நாடுகள் இருக்கின்றன. ரீச்சரைப் பற்றி ஒரே வரி: 'சிலகாலம் ஆசிரியையாகவும் கடமையாற்றினார்.' இளைப்பாறும் வயதுவரை, வெண்கட்டித் தூள் படிந்த விரலோடு, ஊரில் பாதிப்பேருக்குப் பின்னக்கணக்கு விளங்கவைத்த மனுசி! எழுதியவர் கெட்டவரல்ல. துக்க வீட்டில் அவசரமாக, யாரோ கொடுத்த மாதிரியைப் பார்த்து எழுதியிருப்பார். ஆனால் ஐம்பது வருடம் கழித்து இந்த ஊரின் வரலாற்றை எழுதப்போகிறவனுக்கு மிஞ்சப்போவது இந்தக் கல்வெட்டுகள்தான். நூலகம் நிறுவனத்தார் அவற்றைத் தேடித்தேடி மின்வடிவில் சேர்ப்பதும் அதனால்தான்.

ஆகவே சகோதரி, பத்துப் பேரில் மூன்று நான்கு பேரை மேலே தந்துவிட்டேன். மிச்சத்துக்குப் புத்தகத்தைத் தேட வேண்டாம். வீட்டு அலுமாரியில் இருக்கும் கல்வெட்டுகளை மகளிடம் எடுத்துக் கொடுங்கள். அதில் ஒரு பாட்டியைத் தெரிவு செய்து, அவர் என்ன படித்தார், என்ன வேலை செய்தார், யாரோடு சண்டை பிடித்தார் என்று அயலில் உள்ள வயதானவர்களைக் கேட்டு எழுதட்டும். எழுதியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.