லண்டனில் தெரியாத ஆட்டம் கல்லடியில் தெரிவது எப்படி?

ரி.வி., அன்ரனா, டிஷ் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதி வருகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உதைபந்தாட்டம்தான்.

கேள்வி: என் மகன் ஆறு வருடமாக லண்டனில் இருக்கிறான். சனிக்கிழமை இரவு எட்டரைக்கு வீடியோவில் எடுத்து, "அம்மா, போனை ரி.வி. பக்கம் திருப்புங்க" என்கிறான். அவன் விரும்பும் அணி அவன் இருக்கிற ஊரில்தான் விளையாடுகிறது. எங்கள் வீட்டில் தெரிவது அவன் வீட்டில் தெரியாதா? சனலுக்குக் கட்டக் காசில்லாமல் இருக்கிறானோ என்று எனக்கு நித்திரையே இல்லை.
(ஒரு தாய், கல்லடி, மட்டக்களப்பு)

பதில்: அக்கா, முதலில் நிம்மதியாகப் படுங்கள். மகன் பொய் சொல்லவில்லை. எவ்வளவு காசு கட்டினாலும் அந்த ஆட்டம் அங்கே நேரடியாகத் தெரியாது.

நீங்கள் சொல்லும் இரவு எட்டரை, அங்கே பிற்பகல் மூன்று மணி. பிரித்தானியாவில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்த உதைபந்தாட்டத்தையும் ரி.வி.யில் நேரடியாகக் காட்டக் கூடாது. பழைய தடை இது. 1960-களில் பேர்ன்லி கழகத்தின் தலைவராக இருந்த பொப் லோர்ட் என்பவர்தான் இதற்காக நின்று வாதாடினார். பேர்ன்லி ஒரு சின்னப் பஞ்சாலை ஊர். பெரிய அணிகளின் ஆட்டத்தை வீட்டுக் கதிரையில் இருந்தே பார்க்க முடிந்தால், சிறிய ஊர்களின் மைதானத்துக்கு யார் ரிக்கற் எடுத்து வருவார்கள் என்பது அவருடைய கேள்வி. மற்றக் கழகங்களும் ஒத்துக்கொண்டன. கொரோனாக் காலத்தில் மைதானங்களுக்குள் ஆட்களை விடாதபோது தடையைத் தளர்த்தினார்கள். ஆட்கள் திரும்பி வந்ததும் தடையும் திரும்பி வந்தது.

தடை அந்த நாட்டு ரி.வி.க்கு மட்டும்தான். இங்கிலாந்தின் முதல்தரப் போட்டியான பிரிமியர் லீக்கில் 20 அணிகள், ஒரு பருவத்துக்கு 380 ஆட்டங்கள். அவற்றைக் காட்டும் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். எங்கள் பக்கத்துக்கு உரிமை வாங்கியவர் மூன்று மணி ஆட்டத்தையும் காட்டலாம். அதனால்தான் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற உங்கள் மகனுக்குத் தெரியாதது, வாவிக்கரையில் இருக்கிற உங்களுக்குத் தெரிகிறது.

எனக்கு இந்தத் தடையில் மரியாதை உண்டு. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வெபர் மைதானத்தில் பந்து உருளும்போது சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அமெரிக்காவில் இருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை விளையாட்டில் ஆளாக்கிய வெபர் அடிகளாரின் பெயர் கொண்ட மைதானம் அது. எங்களுக்குத் தடையும் தேவையில்லை. ஊர் ஆட்டம் பொழுதுபட முடிந்துவிடும், இங்கிலாந்து ஆட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். இரண்டையும் பார்க்கலாம்.

ஒன்று செய்யுங்கள் அக்கா. போனை ரி.வி.க்குத் திருப்பினால் அந்தப் பக்கம் பந்து ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. அதைவிட நீங்களே வாயால் சொல்லுங்கள்: "சிவப்புச் சட்டைக்காரன் இடப்பக்கத்தால ஓடுறான் மனே, அடிச்சிட்டான், ஐயோ மேலால போயிற்று." வானொலி வர்ணனைக்கு அங்கேயும் தடை இல்லை. கோல்களை அவன் இரவில் பிபிசியில் பார்த்துக்கொள்வான். சனி இரவுத் தொகுப்பை அவர்கள் 1964-இல் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது.

கேள்வி: நான் போனில் பார்க்கிறேன், பக்கத்து வீட்டு நானா டிஷ்ஷில் பார்க்கிறார். என் போனில் பந்து நடுக்கோட்டில் நிற்கும்போதே அவர் வீட்டில் "கோல்!" என்று கத்துகிறார்கள். என் போன் பழுதா?
(மாணவர், ஏறாவூர்)

பதில்: போன் நல்லாய்த்தான் இருக்கிறது தம்பி. டிஷ்ஷுக்கு வரும் படம் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிக்குப் போய்த் திரும்புகிறது. அவ்வளவு தூரத்துக்கும் கால் விநாடிதான். இணையத்தில் வருவது வேறு மாதிரி. படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். இடையில் நின்றுவிடாமல் இருக்க, உங்கள் போன் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். இருபது, முப்பது விநாடி பிந்துவது சாதாரணம். பெனால்ட்டி நேரத்தில் அந்த முப்பது விநாடி பெரிய கொடுமை, எனக்கும் தெரியும். நானா வீட்டுத் திண்ணையில் போய் இருங்கள், தேத்தண்ணியும் கிடைக்கும்.

கேள்வி: செவ்வாய்க்கிழமை சம்பியன்ஸ் லீக் என்று போட்டிருந்தார்கள். செவ்வாய் அதிகாலை ஒன்றரைக்கு எழும்பி இருந்தேன், ஒன்றும் இல்லை.
(வாசகர், திருக்கோவில்)

பதில்: சம்பியன்ஸ் லீக் ஐரோப்பியக் கழகங்களின் போட்டி. அங்கே செவ்வாய் இரவு ஒன்பது மணி என்றால் இங்கே புதன் பிறந்துவிடும். அலாரத்தைப் புதனுக்கு வையுங்கள். இன்னொன்றும் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்கு வைப்பார்கள், ஒக்ரோபர் கடைசி ஞாயிறு பின்னுக்கு. கோடையில் அதே ஆட்டம் எங்களுக்கு 12.30-க்கு, குளிர்காலத்தில் 1.30-க்கு. கல்லடி அக்காவின் மூன்று மணி ஆட்டமும் அப்படித்தான், கோடையில் 7.30-க்கே தொடங்கிவிடும்.

கேள்வி: மழை பெய்தால் டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மழை விட்ட பிறகும் சில நாள் சரிவருவதில்லை.
(வாசகர், கல்முனை)

பதில்: டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான். எங்கள் மார்கழி மழை மாதிரிக் கொட்டும்போது துளிகள் அதை உறிஞ்சும், சிதறடிக்கும். அந்த நேரத்துக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மழை விட்ட பிறகும் சரிவராவிட்டால் அது வேறு வருத்தம். டிஷ்ஷின் முன்னால் மூக்கு மாதிரி நிற்கும் எல்.என்.பி.யில் வயர் பூட்டிய இடத்தைக் கழற்றிப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் பத்துக்கு எட்டு வீட்டில் அந்த இடம் பச்சையாகப் பூத்துக் கிடக்கும். உப்புக்காற்றும் தண்ணீரும் சேர்ந்த வேலை. நுனியை வெட்டிப் புதுக் கனெக்ரர் போடுங்கள், மேலே ரப்பர் ரேப்பை இழுத்துச் சுற்றுங்கள். பூட்டுகிற இடத்துக்குக் கீழே வயரை ஒரு வளையம் தொங்க விட்டால் தண்ணீர் உள்ளே போகாமல் அந்த வளையத்தில் இருந்து சொட்டிவிடும். செலவு மிகக் குறைவு. ரி.வி.யைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம்.

கேள்வி: மறக்க முடியாமல் நீங்கள் பார்த்த ஆட்டம் எது?
(வாசகர், கொக்கட்டிச்சோலை)

பதில்: 1998 உலகக் கிண்ண இறுதி ஆட்டம், பிரான்சும் பிரேசிலும். அப்போது எங்கள் நாட்டுக் கடிகாரம் அரை மணி முன்னால் ஓடியதால், ஆட்டம் தொடங்கும்போது இங்கே இரவு ஒரு மணி. இரவில் வீதியில் நடமாட முடியாத காலம். ஆரையம்பதியில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் பொழுதுபடவே எட்டுப் பேர் போய் அங்கேயே படுத்தோம். கரண்ட் இல்லை. 14 அங்குலக் கறுப்பு வெள்ளை ரி.வி.யை அவனுடைய மாமாவின் உழவு இயந்திர பற்றரியில் கொழுவியிருந்தேன்.

பிரான்சின் சிடான் இரண்டு கோலும் தலையால் அடித்தார். இரண்டும் முதல் பாதியில், இரண்டும் மூலை உதையில் இருந்து வந்தவை. கத்த முடியாது, வெளியே சத்தம் கேட்கக் கூடாது. ஒருவன் தலையணையைக் கடித்துக்கொண்டு இருந்தான். இரண்டாம் பாதியில் பற்றரி இறங்க, படம் நாலு பக்கத்தாலும் சுருங்கத் தொடங்கியது. முதலில் ஓரத்தில் விரல் அகலக் கறுப்பு. பிறகு படம் ஒரு தபால் அட்டை அளவு, பிறகு தீப்பெட்டி அளவு. எட்டுத் தலையும் ஒன்றோடொன்று முட்ட, அந்தத் தீப்பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி நிமிடத்தில் பெற்றி மூன்றாவது கோலை அடிக்கும்போது படம் போய்விட்டது, சத்தம் மட்டும்தான் வந்தது.

விடிய, மாமா வயலுக்குப் போக வந்தார். இயந்திரம் எழும்பவில்லை. எட்டுப் பேரும் சேர்ந்து பெரிய வீதி வரைக்கும் தள்ளித்தான் ஸ்ராட் பண்ணிக் கொடுத்தோம்.